திரைத்தொழில் வளர்த்த டி. ஆர். சுந்தரம்

வடக்கே சேர்வராயன் மலையும், கிழக்கே கல்வராயன் மலையும், தென்கிழக்கே கொல்லிமலையும் அரண்போல் நிற்க, மேற்கே காவிரி வளைந்தோட, இடையே பரந்து கிடப்பது சேலம், நாமக்கல் சமவெளி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி கொல்லிமலையை ஆண்டவன் என்பதை மாணவர் அறிவர். பின்னாளில் இந்நிலம் தறியொலியால் பெயர்பெற்றது. சேலத்து ஆடையும் சேலத்து மாங்கனியும் நாடெங்கும் விரும்பப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் மற்றுமொரு தொழிலாலும் இந்நிலத்திற்குப் புகழ் உண்டாயிற்று. அதுவே பேசும் படத் தொழில். பெருநகரங்களில்தான் நடைபெறக் கூடும் என்று பலரும் எண்ணியிருந்த அத்தொழிலைத் தம் ஊர்ப்பக்கத்திற்கே கொணர்ந்து நிலைநாட்டியவர் டி. ஆர். சுந்தரம் ஆவார்.

சேய்மையில் பிறந்த தமிழ்ப் படங்கள்

தமிழ் பேசிய முதற்படமாகிய ‘காளிதாஸ்’ 1931-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31-ஆம் நாள் சென்னையில் வெளிவந்தது. ஆயினும், அது சென்னையில் எடுக்கப்பட்டதன்று; பம்பாயில் எடுக்கப்பட்டது. அதில் தலைவி தமிழிலும் தலைவன் தெலுங்கிலும் பேசினர் என்பது இன்று நமக்கு வியப்பூட்டும். அதன்பின் சில ஆண்டுகள் வரையில் தமிழ்ப் படங்கள் பம்பாய், பூனா, கல்கத்தா முதலிய தொலைநகரங்களிலேயே உருவாயின. 1934-ஆம் ஆண்டில்தான் சென்னையில் ஒலியுடன் படமெடுக்கும் நிலையம் தோன்றியது.

இதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், அக்காலத்தில் பேசும் படம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிதல் வேண்டும். நடிகர் பேசும் சொல்லை ஒலிவாங்கி மின்னோட்டமாக மாற்றும். அம்மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப ஓர் ஒளிக்கற்றை மாறும். அவ்வொளி, படச்சுருளில் மெல்லிய கோடுகளாகப் பதியும். காட்சி பதிந்த சுருளையும் ஒலி பதிந்த சுருளையும் இருட்டறையில் மருந்து நீரில் கழுவி, வெட்டி ஒட்டி, இரண்டையும் ஒரே சுருளில் இணைத்தல் வேண்டும். படம்பிடிக்கும் கருவி, ஒலிப்பதிவுக் கருவி, கழுவும் கூடம், வெட்டி ஒட்டும் கூடம் ஆகிய இவற்றுள் ஒன்று இல்லையாயினும் படம் இல்லை. இவையெல்லாம் ஒருங்கே அமைந்திருந்த இடங்கள் தமிழகத்திற்கு வெளியே இருந்தன. ஆதலால், நடிகரும் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஆடையணிகளைக் கட்டிக்கொண்டு புகைவண்டி ஏறி, ஆயிரம் கல்லுக்கு அப்பாலும் செல்ல நேர்ந்தது. ஆங்கே கருவிகளை இயக்குவோர் பெரும்பாலும் தமிழ் அறியாதவர். சொல் பிழைபட ஒலித்தாலும் அவர் செவிக்கு அது பிழையாகத் தோன்றாது. ஊர் திரும்பியபின் ஒரு காட்சி பழுதென்று தெரிந்தால், அதனைத் திருத்த மீண்டும் அத்தனை தொலைவு செல்லுதல் எளிதோ?

பிறப்பும் கல்வியும்

சுந்தரம் 1907-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16-ஆம் நாள் திருச்செங்கோட்டில் பிறந்தார். அம்மையும் அப்பனும் ஓருருவாய் எழுந்தருளியுள்ள குன்றின் அடியில் அமைந்த தொன்மையான ஊர் அது. அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1997-ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அவருடைய குடும்பம் நூல், துணி வாணிகத்தில் செல்வம் ஈட்டிய குடும்பமாகும். குடும்பத் தொழிலைப் புதுமுறையில் கற்க வேண்டி அவர் இங்கிலாந்து சென்று, லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில் நுட்பம் பயின்றார். லீட்ஸ் நகரம் கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்ற இடம்.

நெசவாலை ஒன்றைக் கண்டோர்க்கு ஓர் உண்மை விளங்கும். பஞ்சு ஒருபுறம் நுழைகிறது, நூலாகிறது, பாவாகிறது, தறியேறுகிறது, சாயம் ஏற்கிறது, மறுபுறம் துணியாக வெளிவருகிறது. ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு கைகள் உழைக்கின்றன. ஒரு பகுதி தாழ்த்தால் அடுத்த பகுதி சோம்பிக் கிடக்கும். ஆதலின், ஆலைக்கு உயிர் காலவொழுங்கே. நெசவு கற்கச் சென்ற இளைஞர் நெசவுத் தொழிலில் நிலைக்கவில்லை. ஆயினும் ஆலையின் இந்த ஒழுங்கு அவர் வாழ்நாள் முழுவதும் அவர் செயல்களில் காணப்பட்டது.

கல்கத்தாவில் பெற்ற பட்டறிவு

தாயகம் திரும்பிய சுந்தரத்தின் உள்ளம் பேசும் படத்தில் ஈடுபட்டது. சேலத்தைச் சேர்ந்த வேலாயுதம் பிள்ளை என்பவருடன் கூடி, ஏஞ்சல் பிலிம்ஸ் என்னும் பெயரால் படத்தொழிலில் இறங்கினார். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘துருவா’, ‘நல்லதங்காள்’ ஆகியவை 1934, 1935-ஆம் ஆண்டுகளில் அவர்தம் முயற்சியால் வெளிவந்தவை. இதன்பொருட்டுக் கல்கத்தா சென்று படமெடுக்கும் தொல்லைகளை அவர் நேரே கண்டார்.

அத்தொல்லைகளைக் கண்ட பலர், இத்தொழில் நமக்கு ஏற்றதன்று என்று கைவிட்டிருப்பர். வேறு சிலர், இதுவே வழி என்று பொறுத்திருப்பர். சுந்தரமோ வேறுவிதமாக எண்ணினார். கலைஞரைக் கருவியிருக்கும் இடத்திற்குக் கொண்டு செல்வதைவிடக் கருவியைக் கலைஞரிருக்கும் இடத்திற்குக் கொண்டுவருவதே தக்கது எனத் துணிந்தார். அத்துணிவின் பயனாக, 1930-களின் நடுப்பகுதியில் சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையடிவாரத்தை நோக்கிய இடத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையம் எழுந்தது. அதன் முதற்படமாகிய ‘சதி அகல்யா’ 1937-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கோயமுத்தூரிலும் சென்ட்ரல் ஸ்டுடியோ என்னும் நிலையம் தோன்றியது. இங்ஙனம் கொங்கு நாடு தமிழ்ப் படங்களுக்குத் தாயகமாயிற்று.

ஒரே வளாகத்தில் பல தொழில்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 340 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சேலம். ஒரு கருவி பழுதுற்றால் அண்டை வீட்டில் கடன் வாங்குவதற்கு அங்கு வேறு நிலையம் இல்லை. ஒரு நடிகர் வாராவிடில் உடனே மற்றொருவரை அழைத்துக்கொள்ளவும் இயலாது. இக்குறையை நன்குணர்ந்த சுந்தரம், படத்திற்கு வேண்டிய அனைத்தையும் தம் வளாகத்திற்குள்ளேயே அமைத்தார். படப்பிடிப்பு அரங்கம், ஒலிப்பதிவுக்கூடம், சுருள் கழுவும் கூடம், வெட்டி ஒட்டும் கூடம், அரண்மனையும் குடிசையும் செய்யும் தச்சர், ஆடை தைப்போர், ஒப்பனை செய்வோர் ஆகிய எல்லாம் ஆங்கே இருந்தன. தொடக்கத்தில் ஜெர்மானிய ஒளிப்பதிவாளரையும் வரவழைத்துப் பணியில் அமர்த்தினார். அயல்நாட்டாரிடம் கற்க வேண்டியதைக் கற்க அவர் நாணவில்லை.

கலைஞர் பலரும் மாதச் சம்பளத்தில் அமர்த்தப்பட்டனர். இச்செய்தி சிறிதாகத் தோன்றலாம். ஆனால், அக்கால நாடக நடிகரின் வாழ்வை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர். நாடகக் குழு ஓரூரில் வசூலின்றி நின்றால் நடிகர் பட்டினி கிடப்பர். குழு கலைந்தால் வழியின்றித் தவிப்பர். அத்தகையோர்க்கு மாதந்தோறும் தவறாது கிடைத்த ஊதியம், கலையோடு மானத்தையும் காத்தது. தச்சர், கொல்லர், தையற்காரர், ஓட்டுநர், சமையற்காரர் எனச் சேலத்து எளிய குடும்பங்கள் பலவற்றிற்கும் அந்நிலையத்தால் அடுப்பெரிந்தது.

காலந்தவறாமை

சுந்தரத்தைப் பற்றிப் பேசுவோர் முதலிற் கூறுவது அவருடைய கண்டிப்பையே. குறித்த நாளில் படப்பிடிப்புத் தொடங்கும்; குறித்த நாளில் முடியும். எந்த நாளில் எந்தக் காட்சி, அதற்கு யார் யார் தேவை, எத்தனை அடி படச்சுருள் தேவை என்பன முன்னரே திட்டமிடப்படும். புகழ்பெற்ற நடிகராயினும், பின்புறத்தில் நிற்கும் துணை நடிகராயினும் நேரம் ஒன்றே. குறித்த வேளைக்கு வாராத பெரிய நடிகர் ஒருவருக்காகக் காத்திராமல், அவரைப் போன்ற தோற்றமுடைய வேறொருவரைக் கொண்டு சேய்மைக் காட்சிகளை அவர் எடுத்து முடித்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. அக்கண்டிப்புச் சிலருக்குக் கசந்ததும் உண்டு. ஆனால், ஒருவரது தாமதம் நூறு பேரின் உழைப்பை வீணாக்கும் என்பதை ஆலையின் ஒழுங்கறிந்த அவர் உணர்ந்திருந்தார்.

தமக்கும் அவர் விலக்குத் தேடிக்கொள்ளவில்லை. நிலையத்தின் உரிமையாளராக இருந்தே பல படங்களைத் தாமே இயக்கினார். 1946-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சுலோசனா’ என்னும் படத்தில் இந்திரசித்தாகத் தாமே வேடமும் புனைந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படச்சுருள் கிடைப்பது அரிதாயிற்று. ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அன்றைய அரசு வரையறை செய்தது. திட்டமின்றித் தொழில் செய்தோர் தடுமாறிய அக்காலத்திலும், அளந்து செலவிடும் பழக்கமுடைய சேலம் நிலையத்தில் பணி நிற்கவில்லை.

திரையில் தமிழிலக்கியம்

1940-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘உத்தம புத்திரன்’ என்னும் படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். ஒரே நடிகர் ஒரே காட்சியில் இருவராகத் தோன்றுவது அன்று பெருவிந்தை. படச்சுருளின் ஒரு பாதியை மறைத்து மறு பாதியில் காட்சியைப் பதித்து, பின்னர் அதே சுருளைத் திருப்பிச் சுற்றி, முன் மறைத்த பாதியில் மீண்டும் பதிப்பது இத்தகைய காட்சிகளுக்குரிய பழைய முறையாகும். மயிரிழை பிசகினும் இரண்டு பாதியும் பொருந்தா. பலருடைய கவனமும் ஒருங்கிணைந்தாலன்றி இது கைகூடாது.

தமிழ் கற்போர் சுந்தரத்தை நினைவுகூர்வதற்குத் தனிக் காரணமும் உண்டு. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இயற்றி 1891-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகம், படிப்பதற்கே உரியது, நடிப்பதற்கு ஏலாதது என்று கருதப்பட்டது. அதனை ‘மனோன்மணி’ என்னும் பெயரால் 1942-ஆம் ஆண்டில் பெரும்பொருட் செலவில் படமாக்கினார் சுந்தரம். ஐம்பெருங்காப்பியங்களுள் குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாகக் கிடைக்காதவை. சில பாடல்களே எஞ்சியுள்ளன. குண்டலகேசியின் கதையைத் தழுவிய ‘மந்திரி குமாரி’ 1950-ஆம் ஆண்டிலும், ‘வளையாபதி’ 1952-ஆம் ஆண்டிலும் சேலத்திலிருந்து வெளிவந்தன. ஏட்டில் சிதைந்த காப்பியங்களின் பெயர், எழுத்தறியா உழவர் நாவிலும் வழங்குமாறு செய்தது திரை.

‘மந்திரி குமாரி’க்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி, அதில் நடித்தவர் எம். ஜி. இராமச்சந்திரன். இருவரும் பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சர் ஆயினர். அப்படத்தைச் சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கியவர் எல்லிஸ் டங்கன் என்னும் அமெரிக்கர். பாவேந்தர் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் நூலைத் தழுவி ‘பொன்முடி’ என்னும் படமும் 1950-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கவிஞர் கண்ணதாசனும் இளமையில் இந்நிலையத்தில் பணியாற்றியவரே. இங்ஙனம் புலவரும் நடிகரும் இசைவாணரும் தொழில் வல்லாரும் ஒரே வாயிலின் வழியே நாள்தோறும் புகுந்து வெளிவந்தனர்.

எல்லை கடந்த கூட்டு முயற்சி

சேலத்துக் கூடம் தமிழுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மலையாள மொழியின் முதற் பேசும் படமாகிய ‘பாலன்’ 1938-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை உருவாக்கித் தந்தவர் சுந்தரமே. அன்று கேரள நாட்டில் பேசும் படம் எடுக்கும் வசதி இல்லை. தமிழர் ஒருகால் கல்கத்தாவிற்குச் சென்றது போல, மலையாளக் கலைஞர் சேலத்திற்கு வந்தனர். பிறர் வாயிலில் காத்திருந்த ஓர் ஊர், பிறர்க்கு வாயில் திறக்கும் ஊராயிற்று. தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம் ஆகிய மொழிகளிலும் அந்நிலையம் படங்களை உருவாக்கியது.

1952-ஆம் ஆண்டில் இதனினும் அரியதொரு செயல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்னும் ஆங்கிலப் படத்தை எடுத்தது. வில்லியம் பெர்க் என்பவர் இயக்க, ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்கள் தமிழகம் வந்து நடித்தனர். நடிப்பும் இயக்கமும் அமெரிக்கருடையவாயினும், நிலையமும் தொழிலாளரும் இசையும் இந்நாட்டினுடையவை. கடிதமும் தந்தியுமே செய்தி கொண்டுசென்ற காலத்தில், உலகின் இரு கோடியிலுள்ளோர் ஒரு படத்தை இணைந்து முடித்தனரெனில், அவ்விரு சாராரும் சொன்ன சொல்லைக் காப்பர் என்னும் நம்பிக்கையே அதற்கு அடிப்படையாயிருந்திருத்தல் வேண்டும்.

வண்ணம் தந்த பெருமை

1956-ஆம் ஆண்டில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்னும் படம் வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் இதுவே. எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த அப்படத்தை இயக்கியவர் சுந்தரமே. கறுப்பும் வெளுப்புமாகவே திரையைக் கண்டு பழகிய மக்கள், குகைக்குள் குவிந்த பொன்னும் மணியும் தத்தம் நிறத்தோடு ஒளிர்வதைக் கண்டு வியந்தனர். வண்ணப் படத்திற்குப் பேரொளி வேண்டும், ஆடையும் திரைச்சீலையும் நிறமறிந்து தேர்தல் வேண்டும், செலவும் பன்மடங்காகும். தலைநகரில் இருந்தோரே தயங்கிய செயலைச் சேலத்தில் இருந்தவர் செய்து முடித்தார். 1961-ஆம் ஆண்டில் ‘கண்டம் பெச்ச கோட்டு’ என்னும் படத்தின் வாயிலாக மலையாளத்திற்கும் முதல் முழுநீள வண்ணப்படத்தை அவரே அளித்தார்.

மறைவும் நிலைத்த புகழும்

ஓய்வறியாது உழைத்த சுந்தரம் 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவருக்குப்பின் அவர் மகன் இராமசுந்தரம் நிலையத்தை நடத்தினார். தொடக்கம் முதல் அந்நிலையம் எடுத்த படங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. எனினும், காலப்போக்கில் கலைஞரும் தொழிலும் சென்னையிலேயே குவிந்தமையால், 1980-களில் அங்குப் படப்பணி நின்றது. நிலையம் இருந்த இடத்தில் பின்னர் வீடுகள் எழுந்தன. ஏற்காட்டுச் சாலையில் செல்வோர் காண்பதற்கு அதன் நுழைவாயில் வளைவு ஒன்றே இன்று எஞ்சி நிற்கிறது.

அவ்வளவோடு சுந்தரத்தின் பணி முடிந்தது எனல் பொருந்தாது. இன்று காட்சியையும் ஒலியையும் எண்களாக மாற்றி, நொடிப்பொழுதில் கடல் கடந்து அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. விளையாட்டுத் திடல் ஓரூரில் இருக்க, அதன் ஒளிபரப்பை மற்றோரூரிலிருந்து இயக்குகின்றனர். படத்தொகுப்பாளர் ஒரு நகரிலும் இசையமைப்பாளர் மற்றொரு நகரிலும் இருந்துகொண்டே ஒரு படத்தைச் செய்து முடிக்கின்றனர். சுந்தரம் தம் காலத்தில் மனிதரை ஓரிடத்தில் கூட்டித் தொலைவை வென்றார். இக்காலத்தார் படத்தையும் ஒலியையும் அனுப்பித் தொலைவை வெல்கின்றனர். வழி வேறாயினும் வேண்டுவது ஒன்றே. ஒருவர் தம் பங்கைக் குறித்த காலத்தில் முடித்து அடுத்தவர் கையில் ஒப்படைக்காவிடில், மின்னலினும் விரைந்த கருவியும் பயன்படாது. கருவி தூரத்தைக் குறைக்கும். தாமதத்தைக் குறைப்பது மனிதரின் கடமை.

பெருநகரில் பிறக்கவில்லையே, வசதி அருகில் இல்லையே என்று ஏங்கும் இளைஞர் எவ்வூரிலும் உளர். அவர்கள் ஏற்காட்டுச் சாலையில் நிற்கும் அவ்வளைவை ஒருமுறை நோக்குதல் நன்று. வசதி இருக்கும் இடத்தைத் தேடிச் செல்வது ஒரு வழி. தாம் இருக்கும் இடத்தில் வசதியை உண்டாக்கி, அதனைப் பிறர்க்கும் பயன்படச் செய்வது மற்றொரு வழி. பின்னது கடினமானது, ஆயினும், திருச்செங்கோட்டில் பிறந்த ஒருவர் அவ்வழியே நடந்து காட்டியுள்ளார்.